எடைமேடையில் ஐந்தாம் பாட்டு

புதுவயல் ரைஸ்மில்லில்
எடைமேடை என் பொறுப்பு.
நெல் லாரி ஏறினால் எஞ்சினை அணைக்கச் சொல்வேன்.
எண் நிற்கும்வரை காத்திருப்பேன்.

அன்று சூசைராசு எஞ்சினை அணைத்தான்,
பாட்டை அணைக்கவில்லை.
படம் வரவில்லை இன்னும், பாட்டு மட்டும் வந்திருந்தது.
முதல் நாலும் கல்யாண மண்டபத்துக்கு ஆகும்.
ஐந்தாவதில்
இரண்டாம் சரணத்துக்கு முன்னால்
வயலின் எல்லாம் ஓய்ந்து
பாடுகிறவள் மூச்சிழுப்பது கேட்கிறது.
அவ்வளவுதான்.

அண்ணன் போய் ஏழு மாதம்.
கண்டனூர் வீட்டில் அவனைக் கிடத்தியிருந்தபோதும்
பந்தல்காரனுக்குக் கணக்குத் தீர்த்தவள் நான்.
இருபத்தோராயிரத்து நானூற்று அறுபது கிலோ என்று
எழுதப்போன கை
இருபத்தோராயிரத்திலேயே நின்றுவிட்டது.
சூசைராசு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான்,
அங்கே ஒன்றுமில்லாத சுவரை.
பின்னால் இரண்டு லாரி ஹாரன் அடித்தன.

தீபாவளிக்குப் படம் வந்தது.
காரைக்குடியில் மாலைக் காட்சி.
சூசைராசு வீட்டோடு வந்திருந்தான்.
இடைவேளையில் முறுக்கு வாங்கப் போனவள்
வாங்காமல் ஓடிவந்தேன்
அது தொடங்கிவிடுமோ என்று.
வரவே இல்லை.
நீளம் கருதி வெட்டிவிட்டார்களாம்.

காசைத் திருப்பிக் கொடு என்று
கவுண்டரில் சண்டைக்கு நின்றான் அவன்.
எனக்கு நிம்மதி.
எவளோ ஒருத்தி பட்டுச்சேலையில்
கானாடுகாத்தான் பங்களாத் தூணைச் சுற்றி
அந்த மூச்சுக்கு வாயசைக்காமல் போனாள்.

இன்றைக்கும் நெல் வருகிறது.
எண் நின்ற பிறகும் சில நாள்
அந்த இடம் வரும்வரை
சீட்டைக் கிழிக்காமல் வைத்திருக்கிறேன்.