இரண்டு பூச்சு

மழை பெய்தால் என் இடது கால் நனைகிறது.
மூன்று மாதமாகக் கதவு ரப்பரைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

போனவிஸ்டாவில் மார்ச் என்றால்
லாரி சாலையில் கொட்டும் உப்பும்
கடல் தூக்கி வீசும் உப்பும்
என் காரில் வந்து சந்தித்துக்கொள்ளும்.

முன்கண்ணாடியை எடுக்க
இரண்டு பேர் வேண்டும்.
ஆல்வினைத் தவிர யார் வருவார்?
பிரிந்து நான்கு வருடம்.
கராஜ் மட்டும் இன்னும் பொது.

பசையை ஊசியால் துளைத்து
முறுக்குக் கம்பியை நுழைத்தோம்.
நான் உள்ளே, அவன் வெளியே.
அவன் இழுக்க நான் விட,
நான் இழுக்க அவன் விட,
கறுப்புப் பசை கிர்ரென்று அறுந்துகொண்டே போனது.
ஒரு சாண் தூரத்தில் அவன் முகம்,
நடுவில் கண்ணாடி.
"விட்டுக்கொடு" என்றான்.
கம்பியைத்தான்.

கண்ணாடி போர்வைமேல் படுத்தது.
மேல் மூலையில் பெயிண்ட் பொருக்காய் எழும்பி,
தொட்டால் உதிர்ந்து,
சுண்டுவிரல் நுழையும் ஓட்டை.
துரு அங்கே பிறக்கவில்லை;
அதற்கு நான்கு அங்குலம் முன்னால்,
கத்தி போன ஒரு நேர்கோட்டில்.

ஒன்பது வருடத்துக்கு முன்
இந்தக் கண்ணாடியை ஒட்டியவன் ஆல்வின்.
மறுநாள் நண்டுப் பருவம் தொடக்கம்.
கீறல்மேல் பிரைமர் தடவாமல்
பசையை இழுத்து மூடியிருக்கிறான்.

அவனும் அந்தக் கோட்டைப் பார்த்தான்.
நானும்.
"கடல் காற்று, ஃபிலோமினா" என்றான்.

கிரைண்டர் கத்தியது.
பளிச்சென்று இரும்பு தெரியும்வரை விடவில்லை.
தகடு வெட்டி, வெல்டு வைத்து, தேய்த்து,
பிரைமர் அடித்தான்.
காயவிட்டு மறுபடி அடித்தான்.
அப்புறம், கேட்காமலே,
மூன்றாவது.

டப்பாவில்
இரண்டு என்றுதான் போட்டிருக்கிறது.