வெள்ளை நரம்பு

போலந்திலிருந்து கல் வாங்க வந்த யானுஷ்
மாம்பழச் சாற்றைத் தள்ளிவைத்து
வெந்நீர் கேட்டார்.
பிறகு கைப்பேசியில் தன் ஊரைக் காட்டினார்:
மலை, மலைமேல் கோட்டை,
கோட்டையின் கால்வரை ஏறி நிற்கும்
அணைத்தண்ணீர்.

"அட, நம்ம டேமு" என்றாள் திம்மக்கா,
ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு.
கரையெல்லாம் பனி.
"நுரை அங்கயும் ஒதுங்குது பாரு."
நான் மொழிபெயர்க்கவில்லை.
ஓசூர்ப் பக்கமிருந்து பெண்ணையாறு
எதையெல்லாம் கொண்டுவருகிறதென்று
வாங்க வந்தவரிடம் எப்படிச் சொல்ல.

நாற்பது பலகை. கறுப்பு. ஓரம் உடையக்கூடாது.
பெயரை அங்கே வெட்டிக்கொள்வார்களாம்.
ஒரு மலையூரில் அத்தனை பேரா சாவார்கள் என்று
கணக்கு எழுதும் ரஹமத்துல்லா கேட்டார்.
அவசரமில்லை, காத்திருக்கும் என்றார் யானுஷ்.
கல்லைச் சொன்னாரா, மற்றதைச் சொன்னாரா,
அவருடைய ஆங்கிலத்தில் பிரியவில்லை.

பதினாறு நாள் மெருகு.
டேங்கரில் வந்ததும் அணைத்தண்ணீர்தான்,
சக்கரத்தடியில் சாம்பல் பாலாய் ஓடியது.
ஒவ்வொரு பலகையிலும் முதலில் விழுந்த முகம்
திம்மக்காவுடையது,
மூக்குவரை துணி கட்டிய முகம்.
எண் போட்டு நான் பெட்டியில் அடைத்தேன்.
பெட்டி மரத்துக்குப் பூச்சிமருந்து முத்திரை உண்டு.
கல்லுக்கு ஒன்றும் கிடையாது.

சரிபார்க்க மறுபடி வந்தவர்
முப்பத்தொன்பதுக்குத் தலையாட்டினார்.
ஒன்றில் மயிரிழை கனத்தில் வெள்ளை நரம்பு.
நகத்தால் தடவினார், மூச்சை ஊதித் துடைத்தார்,
சிவப்புச் சாக்பீஸால் பெருக்கல் குறி போட்டார்.

உடைத்து ஜல்லிக்குப் போடச் சொன்னார் முதலாளி.
இரவோடு இரவாக
திம்மக்காவின் கொழுந்தன் டிராக்டரில் ஏற்றி
அணையோரம் வலை காய்கிற இடத்தில் கிடத்திவிட்டான்.
இப்போது அதில் துணி துவைக்கிறார்கள்.
கட்லாவுக்குச் செதிள் தேய்க்கிறார்கள்.
சிவப்புக் குறி
இரண்டு துவைப்புக்குத் தாங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தேன்.
ஷட்டர் இறக்கியிருந்தார்கள், நீர் ஏறியிருந்தது.
பாதிக் கல் தண்ணீருக்குள்.
மீதிப் பாதியில்
தூரத்து மலை தலைகீழாய்,
கோட்டைச் சுவர் ஒரு பல்வரிசை அளவுக்கு,
அதன் குறுக்கே அந்த நரம்பு.
ஒரு பெண் பள்ளிச் சீருடையை ஓங்கி அடித்தாள்.
மலை நனைந்தது.

படமெடுத்து யானுஷுக்கு அனுப்பினேன்.
ஏன் அனுப்பினேனோ.
கல்லை அடையாளம் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.
கோட்டையைப் பற்றியும் ஒரு வார்த்தை இல்லை.
கரையோரம் வெள்ளையாகக் குவிந்திருக்கிறதே,
உங்கள் ஊரிலும் பனி விழுமா
என்று கேட்டிருந்தார்.

நான்கு நாளாகிறது.
தட்டச்சு செய்வதும் அழிப்பதுமாக இருக்கிறேன்.