நீலக்கோட்டு விரிப்பு

இந்த விரிப்பை எனக்குத் தெரியும்.
ஓரத்தில் ஓடும் நீலக்கோடு,
மூலையில் தைத்த இலக்கம்,
சூடான உருளைக்குள் போய் வந்து
நடுவகிடு போல விழுந்த மடிப்பு.
பதினேழு வருஷம்
பேர்ண் நகரத்துக்கு வெளியே ஒரு சலவைச்சாலையில்
இதன் ஒரு நுனியை நானும்
மற்ற நுனியை எரித்திரியாக்காரி லெத்தேயும்
பிடித்து இழுத்து மடித்தோம்.
மணித்தியாலத்துக்கு எத்தனை என்று
சுவரில் சிவப்பு எண் ஓடும்.
இதில் ஆர் படுக்கினம் என்று
ஒருநாளும் யோசித்ததில்லை.

நான்தான்.

திங்கள் காலை இருதயம் வந்தது,
நாலு பேரும் ஒரு கணினி வண்டியுமாய்.
தண்ணியைக் குறை என்றது,
நாளுக்கு ஒரு லீற்றர், சூப்பும் சேர்த்து.
நீர் இறங்கும் குளுசையைக் கூட்டியது.
பின்னேரம் சிறுநீரகம் வந்தது,
தனியாக, இளம்பெடியன்,
சப்பாத்தில் வெளுத்துக் காய்ந்த வீதி உப்பு.
கணுக்காலைப் பெருவிரலால் அமத்தி
பள்ளம் நிரம்பும்வரை எண்ணினான்.
நானும் எண்ணினேன், தமிழில்.
எனக்குப் பதினொன்று வந்தது, அவனுக்கு எத்தனையோ.
காலையில் கூட்டிய குளுசையைப் பாதியாக்கிவிட்டுப் போனான்.

செவ்வாய்க்கிழமை சீனி வந்தாள்,
கைப்பெட்டியில் பிளாஸ்டிக் சாப்பாட்டோடு.
இவ்வளவு சோறு, இவ்வளவு உருளைக்கிழங்கு
என்று தட்டில் வைத்துக் காட்டினாள்.
பிட்டுக்கு பிளாஸ்டிக் இல்லை.
புதன் காலுக்கு, வியாழன் கண்ணுக்கு.
கால் கண்ணைக் கேட்பதில்லை,
கண் இருதயத்தைக் கேட்பதில்லை.
இந்த நாட்டில்
மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேறு,
பள்ளி விடுமுறை வேறு, குப்பைப் பையின் நிறமும் வேறு.
எனக்கு இன்னும் தராத பிரஜாவுரிமையை
என் உடம்பு எப்பவோ எடுத்துவிட்டது.

பக்கத்துக் கட்டிலில் ரூஃபெனாஹ்ட் அம்மா.
அவவுக்கு இடுப்பெலும்பு மட்டும்.
ஒன்றே ஒன்று! தனிவீட்டுக்காரி மாதிரி.
பார்க்க வருகிறவர்கள் ஒரே கேள்வி கேட்டு
ஒரே பதில் வாங்கிக்கொண்டு
பூவை வைத்துவிட்டுப் போகினம்.
என் மகன் தொலைபேசியில்,
"அம்மா, மெயின் பிரச்சினை எது?" என்கிறான்.
கனநேரம் யோசித்து
"நித்திரை வருகுதில்லை" என்றேன்.

இரவில் வ்யோசா வருவாள், கொசோவோப் பிள்ளை,
தாதிகளுக்குள் இவளின் கைதான் சூடு.
பூச்சியத்திலிருந்து பத்துக்குள் நோ எவ்வளவு?
நாலு.
ஏழு என்றால் இன்னொரு ஸ்கான்,
இரண்டு என்றால் மருந்தை நிறுத்திவிடுவினம்.
நாலு நல்ல இலக்கம்.
நாலோடு பதினேழு வருஷம் வேலை செய்திருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை
வலது காலின் இரண்டாம் விரலை எடுக்கப் போகினம்.
கடதாசி நீட்டினார்கள், ஒப்பமிட்டேன்.
விரலைவிட என் பெயர் நீளம்:
தில்லைநாயகி கனகரத்தினம்,
பெட்டிக்குள் அடங்கவில்லை.

காலையில் விரிப்பு மாற்ற வந்தாள் வ்யோசா.
என்னைக் கதிரையில் இருத்திவிட்டு
பழையதைச் சுருட்டிப் பைக்குள் திணித்தாள்,
அழுக்கை ஆரும் மடிப்பதில்லை, சரிதான்.
புதியதை உதறியபோது
நீலக்கோடு காற்றில் எழும்பி வந்தது,
என் கை தானாய்ப் போய் நுனியைப் பிடித்தது.
"விடுங்கோ, நீங்கள் நோயாளி."
விடவில்லை.
அவள் சிரித்தபடி இழுத்தாள், நானும் இழுத்தேன்,
துணி விறைத்து ஒரு சத்தம் போட்டது,
எத்தனை ஆயிரம் தரம் கேட்ட சத்தம்.
மணிக்கட்டில் குத்தியிருந்த ஊசி சறுக்கி
வெள்ளையில் ஒரு துளி சிவப்பு.

அவள் தன் பாஷையில் ஏதோ சொன்னாள்.
நான் சொன்னேன்:
குளிர்தண்ணி, உடனே. இரத்தத்துக்கு வெந்நீர் கூடாது.
எட்டு நாளில்
இந்த ஆஸ்பத்திரிக்கு நான் எழுதிக்கொடுத்த ஒரே மருந்து.
ஓம் ஓம் என்று தலையாட்டினாள்.
பாவம்.
எனக்குத் தெரியாதா,
எல்லாம் தொண்ணூறு பாகையில்
ஒன்றாய்த்தான் வேகும்.