விடுபட்ட வரி

ஏழு மணிக்குச் செபமாலை.
பாசையூரில் எங்கள் வீட்டில் அது தவறினதில்லை.
ஷெல் விழுந்த நாட்களில் பங்கருக்குள் சொன்னோம்.
இடம்பெயர்ந்து போய்ச் சாவகச்சேரிப் பள்ளிக்கூட விறாந்தையில்
முப்பத்தொரு குடும்பத்து இருமலுக்கு நடுவில் சொன்னோம்.
மண்ணெண்ணெய் இல்லாத மாதங்களில்
இருட்டில், மணிகளை விரலால் தேடிச் சொன்னோம்.

பாதை பூட்டின ஆவணியில்
கிளமென்ற் பாண் வாங்கப் போனான்.
ஊரடங்குக்கு இன்னும் ஒரு மணித்தியாலம் கிடந்தது.
சைக்கிள் மட்டும் சங்கக்கடைச் சுவரில் சாய்ந்து நின்றது.
பூட்டிவிட்டுத்தான் இறங்கியிருக்கிறான்.
திறப்பு அவனோடு போய்விட்டது.
பின்சில்லைத் தூக்கிப் பிடித்தபடி
நான் அதை வீட்டுக்கு நடத்திக்கொண்டு வந்தேன்,
கால் முறிந்த ஆட்டைக் கொண்டுவருகிற மாதிரி.

அன்றிரவும் முழந்தாளில் இருந்தோம்.
பரலோக மந்திரத்தில் "உம்முடைய சித்தம்" வருகிற இடத்தில்
எமறென்சியாவின் குரல் நின்றது.
அழுகிறாள் என்று நினைத்தேன்.
அழவில்லை. வாயை மூடியிருந்தாள்,
கொதிக்கிற பானையை மூடுகிற மாதிரி.
அந்த வரியை நான் தனியே சொல்லி முடித்தேன்.
அடுத்தது அனுதின அப்பம்.
அதில் வந்து சேர்ந்தாள், உரத்து, ஒழுங்கைக்குக் கேட்க.
அவன் வாங்கப் போனது அதைத்தானே.

அதற்குப் பிறகு ஒவ்வொரு இரவும்
ஒரு செபமாலைக்கு ஆறு ஓட்டை.
நான் வலை பொத்துகிறவன்.
ஆறையும் என் குரலால் பொத்தினேன்.
ஏன் என்று அவளைக் கேட்கவில்லை.
பூசைக்குப் போனாள். தவசுகாலத்தில் ஒருநேரம் சாப்பிட்டாள்.
பீடத்துச் சீலைகளுக்குக் கஞ்சி போட்டு
மடிப்புக் குலையாமல் கொண்டுபோய்க் கொடுத்தாள்.
ஐந்து சுவாமிமார் மாறிப் போனார்கள்.
கந்தோர்க்காரர் மரணச் சான்றிதழ் தரலாம் என்றார்கள், கோழிக்குஞ்சும் தரலாம் என்றார்கள்.
பேனையை மூடி மேசையில் வைத்துவிட்டு எழும்பினாள்.
மாதத்துக்கு ஒருக்கால்
சைக்கிள் பூட்டுக்குத் தேங்காயெண்ணெய் விட்டாள்.
வருகிறவனின் திறப்பு
இறுகக்கூடாது என்று.

வருடத்தில் அவளுக்குப் பிடித்தது ஒரே ஒரு நாள்.
பெரிய சனி.
நற்கருணைப் பேழை திறந்தபடி, உள்ளே ஒன்றும் இல்லை.
மணி அடிக்காது. பூக்கள் இல்லை.
வெள்ளிக்கும் ஞாயிறுக்கும் நடுவில்
ஒருவரும் பிரசங்கம் வைக்காத பகல்.
வெறுங்கோயிலில் போய் இருப்பாள்,
மத்தியானம் வரைக்கும்,
சொந்த வீட்டில் இருப்பவள் போல.
"இண்டைக்குத்தான் அவரும் என்னோட சேர்ந்து
பாத்துக்கொண்டிருக்கிறார்" என்றாள் ஒருமுறை.
யார் என்று நான் கேட்கவில்லை.

போன மாரியில் எனக்கு வாதம் அடித்தது.
வலது கை போனது. பிறகு நாக்கு.
ஆஸ்பத்திரியால் வந்த இரவு
கதிரையில் என்னை இருத்தி, தலையணை அணைத்து,
கையில் செபமாலையைச் சுற்றிவிட்டுத் தொடங்கினாள்.
அந்த வரி வந்தது.
நின்றாள்.

பல்லி சொன்னது.
கரையில் யாரோ எஞ்சின் இழுத்தார்கள், பற்றவில்லை.
நான் முயன்றேன்.
சேற்றுக்குள்ளால் நங்கூரம் இழுபடுகிற சத்தம்தான் வந்தது.
அவள் திரும்பி என்னைப் பார்த்தாள்.
சேலைத்தலைப்பால் என் வாயைத் துடைத்தாள்.
பிறகு திருஇருதயப் படத்தை நிமிர்ந்து பார்த்து,
கந்தோரில் கதைக்கிற குரலில்,
"இது இவர் சொல்லுறது. நான் இல்லை" என்றாள்.
சொன்னாள்.
எழுத முடியாதவனுக்காக
மற்றவர் கையெழுத்து வைக்கிற மாதிரி,
ஒரு சொல் விடாமல்.

இப்போது ஒவ்வொரு இரவும் அப்படித்தான்.
ஆறு தடவை, இவருக்காக, இவருக்காக.
அங்கே யாருடைய கணக்கில் எழுதுகிறார்களோ தெரியாது.
நேற்று ஐந்தாம் தடவை
"இவருக்காக" என்றாளா என்று எனக்குக் கேட்கவில்லை.
அந்த நேரம் ஒழுங்கையால்
ஒரு சைக்கிள் போனது.
இரண்டு பேரும் தலையைத் திருப்பினோம்.

பிறகு அப்பம். உரத்து.