முன்னுரிமை ஒன்று

துலூத், ஜனவரி, மைனஸ் முப்பத்தொன்று.
இந்த ஊரில் நின்றுபோகும் ஒவ்வொரு ஃபர்னஸும்
என் பெயரைச் சொல்லித்தான் நிற்கிறது.
வெர்னாவைக் கூப்பிடு,
வெர்னா லாட்டி வருவாள்.

வருவேன்.
கோட்டுப் பையில் சோப்புக்கட்டி கனத்தில் ஒரு ட்ரியோ.
முதுகில் செருகிய எழுத்தாணியைப்
பல்லால் கடித்து உருவுவேன்;
கையுறையைக் கழற்ற மனம் வராது.

வேலைகளுக்கு ஒன்று முதல் ஐந்து வரை முன்னுரிமை தரலாம்.
வாங்கிய வாரம் நியாயமாகத்தான் பிரித்தேன்:
எரிவாயுக் கசிவு ஒன்று,
வடிகட்டி மாற்றுவது மூன்று,
என் கடைவாய்ப் பல் ஐந்து.
நன்றி சொல்லும் நாள் வருவதற்குள்
எல்லாமே ஒன்று.
பல் மட்டும் ஐந்திலேயே இருந்து வலித்தது.

வியாழனன்று அதை வேனிலேயே மறந்துவிட்டு
ஒரு நிலவறையில் நாலு மணி நேரம் மல்லாந்து கிடந்தேன்.
திரும்பி வந்தால்
பேட்டரி செத்திருந்தது.
சாகும்போது ஞாபகத்தையும்
கூடவே கூட்டிக்கொண்டு போகும் ரகம்.
வீட்டில் மின்சாரம் கொடுத்ததும்
பச்சைப் பிள்ளையாய் விழித்துக் கேட்டது:
புள்ளியின் நடுவைத் தொடு.
மொழியைத் தேர்ந்தெடு.
இன்றைக்கு என்ன தேதி?

கணினியோடு கடைசியாக இணைத்தது
அக்டோபர் ஒன்பது.
தொட்டிலில் வைத்துப் பொத்தானை அழுத்தினேன்.
வெளியே முழங்கால் பனி,
உள்ளே திரையில் அக்டோபர்.
தவறவிட்ட நினைவூட்டல்கள்
ஒன்றன்மேல் ஒன்றாகக் கூவி எழுந்தன,
எண்பதுக்குமேல் எண்ணவில்லை.
கூரை ஓடையில் இலை அள்ளு.
புயல் கண்ணாடி மாட்டு.
டெல்லின் படகைக் கரையேற்று
(படகு இப்போது துறையோடு சேர்ந்து உறைந்து கிடக்கிறது,
டெல் என்னோடு பேசுவதில்லை).

முடித்த வேலையெல்லாம் முடியாததாகி
காலிப் பெட்டியோடு நின்றது.
மிசஸ் ஹ்ரோசியாக் வீட்டுப் பைலட் சுடர்:
அன்றைக்கே சரிசெய்து
கசகசா ரொட்டிகூடச் சாப்பிட்டேன்.
டிக்.
உழைக்காமல் இரண்டாம் தடவை டிக் அடிப்பதில்
ஒரு திருட்டுச் சுகம் இருக்கத்தான் செய்தது.
டிக். டிக்.
நடுராத்திரிவரை முடித்தேன், முடித்ததையே.

ஒரு வரியில் எழுத்தாணி நின்றது.
எய்னாருக்குப் பதில். முன்னுரிமை நாலு.
அவ்வளவுதான்.
என்ன கேட்டான், எழுதவில்லை.
எழுதும்போது
இதையுமா மறப்பேன் என்று நினைத்திருப்பேன்.
மூன்று மாதமாய்
பேச்சை நிறுத்தியவன் அவன் என்றல்லவா
எல்லோரிடமும் சொல்லிவந்தேன்,
பல் வலியோடு சேர்த்து.

மறுநாள் தூக்குப் பாலத்தின் பக்கம் வேனை நிறுத்தினேன்.
கப்பல் வராத காலம்,
பாலத்துக்கும் வேலை இல்லை.
நாலை ஒன்றாக்கினேன்.
ஒன்றாக்கியதால் என்ன,
இருபது நிமிடம் ஹீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
பிறகு அழைத்தேன்.

வெர்னாவா, என்றான்.
நீ பதிலே சொல்லவில்லை.

நீ என்ன கேட்டாய்?

அந்தப் பக்கம் ஒரு நாய் தண்ணீர் குடிக்கும் சத்தம்.
பனி தள்ளும் மெஷினை எடுத்துக்கொள்கிறாயா என்று.
நவம்பரில் விற்றுவிட்டேன்.

சிரித்துவிட்டேன்.
அவன் சிரிக்கவில்லை.

இன்னொன்றும் கேட்டிருந்தேன், என்றான்.
அது அப்படியேதான் இருக்கிறது.

காதோரம் ட்ரியோ ஒருமுறை பீப் என்றது.
எடுத்துப் பார்த்தால்
பேட்டரி கடைசிக் கோட்டில்.
இரு, என்றேன்,
வைத்துவிடாதே, எய்னார், இரு,
என்று கத்திக்கொண்டே
இருக்கைக்கு அடியில்,
குழாய்த் துண்டுகளுக்கும் காப்பிக் கோப்பைகளுக்கும் நடுவில்
சார்ஜர் வயரைத் தேடிக் கையை விட்டேன்.