இரண்டாயிரத்து முந்நூறு ஜன்னல்கள்

ஈக்காட்டுத்தாங்கலில் இரண்டாம் மாடி.
கீழே பேட்டரிக் கடை, மேலே தண்ணீர்த் தொட்டி,
நடுவில் நாங்கள் ஏழு பேர்
இன்னும் கட்டாத கட்டடங்களோடு.

பள்ளிக்கரணையில் எழப்போகும் நான்கு பிளாக்குக்கு
ஜன்னல் வைப்பது
என் ரூபி ஸ்கிரிப்ட்.
ஓடவிட்டால் நாற்பத்தொரு நிமிடம்.
"தூங்குதா, செத்துப்போச்சா?" என்பார் தேவசகாயம் சார்
என் தோளுக்குப் பின்னால் நின்று.
வேலை செய்யுது சார் என்பேன்.
பொய்யில்லை.
ஏ பிளாக் தரைத்தளத்தில்
ஒன்று, பக்கத்தில் ஒன்று,
கொத்தனார் பூசுவதுபோல்
வந்துகொண்டுதான் இருக்கும்.

நான் மொய்து கடைக்கு இறங்குவேன்.
தலைக்கு மேல் மெட்ரோ ஐந்தாறு தடவை போகும்.
திரும்பி வந்தால் பி பிளாக், ஆறாம் மாடி.

நவம்பரில் ஒரு சனிக்கிழமை,
கத்திப்பாராவில் முழங்கால் தண்ணீர்,
வீட்டுக்குப் போக வழியில்லை.
சும்மா இருக்க முடியாமல்
வரிக்கு வரி கடிகாரம் வைத்தேன்.

சுவரை வெட்டுவதில் போகவில்லை நேரம்.
கண்ணாடி பதிப்பதிலும் இல்லை.
ஒவ்வொரு ஜன்னலுக்கும் நின்று
"பாருங்க, வெச்சுட்டேன்" என்று
திரை முழுவதையும் அழித்து
மறுபடி வரைந்து காட்டியிருக்கிறது.
நாளை நான் வேண்டாமென்றால் திருப்பி எடுக்க
தனித்தனியே ரசீது எழுதி வைத்திருக்கிறது.
ஒரு அச்சில் வார்த்தால் முடியும் வேலை;
சட்டம் கம்பி கொக்கி என்று
இரண்டாயிரத்து முந்நூறு தடவை
புதிதாய் இழைத்திருக்கிறது.
இந்தச் சுவரை முன்பே பார்த்தோமா என்று தேட
ஒவ்வொரு முறையும்
பட்டியலின் முதல் பெயரிலிருந்து.

பாவம்.
எழுதியது நான்தான்,
சேர்ந்த புதிதில், ஒரே ராத்திரியில்.

காட்டாதே என்றேன்.
எல்லாம் முடித்துவிட்டு ஒரு தடவை காட்டு.
ஒரே ரசீது போதும்.
அச்சை ஒருமுறை செய், மற்றதெல்லாம் நகல்.
சுவருக்குச் சுவர் எண் கொடுத்தேன்,
எண்ணைச் சொன்னால் நேரே அந்த அறை.

பதினோரு நொடி.
நம்பாமல் மூன்று தடவை ஓட்டினேன்.
வெளியே மழை விடவில்லை,
அலுவலகத்தில் கைதட்ட ஆளில்லை.
யுபிஎஸ் மட்டும் கீச்சென்றது.

திங்கள், செவ்வாய், புதன்.
வாசல் மாற்று, ஓட்டு. பால்கனி மாற்று, ஓட்டு.
மொய்து கேட்டனுப்பினார்,
மேடம் வேலையை விட்டுட்டாங்களா என்று.

வியாழக்கிழமைதான் உறைத்தது.
ஒவ்வொன்றாய் வந்த காலத்தில்
சி பிளாக் மூன்றாம் மாடியில் ஒரு படுக்கையறை ஜன்னல்
கண்ணில் பட்டிருக்கிறது.
திறந்தால் கைக்கெட்டும் தூரத்தில் டி பிளாக் சுவர்.
டீ ஆறுகிறதே என்று இறங்கிப் போய்விட்டேன்.
இப்போது எல்லாம் ஒன்றாக வந்து நிற்கின்றன,
ஒன்றுக்கும் முகமில்லை.

புதிதாய் இருபது வரி எழுதினேன்.
ஒவ்வொரு ஜன்னலிலிருந்தும் ஒரு கோடு கிளம்பும்,
முதலில் எதில் முட்டுகிறது என்று வந்து சொல்லும்.
சாலை. சதுப்பு நிலம். வானம்.
சுவர்.
சுவர்.
இதற்கு ஆறு நிமிடம் ஆகிறது.
குறைக்க வழி தெரியும்,
தொடவில்லை.

இருநூற்றுப் பன்னிரண்டு ஜன்னல்கள்
சுவரைப் பார்க்கின்றன.
வீட்டு எண்ணோடு அச்செடுத்துக் கொடுத்தேன்.
சார் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் படித்தார்.
"சூளைமேட்ல என் வீட்டு ஜன்னலே இப்படித்தான், ஹெப்சிபா.
இருபது வருஷமா அதுல துணி காயப்போடறோம்.
காயறதே இல்ல."

கொஞ்ச நேரம் கழித்து,
"டி பிளாக்க நகர்த்தி நகர்த்தி ஓட்டிப் பாக்கலாமா?"
ஒரு தடவைக்கு ஆறு நிமிஷம் சார்.
"ஆகட்டும்."

அரை மீட்டர் தள்ளினோம்.
இருநூற்று நான்கு.
இன்னும் அரை.