எட்டில் மூன்று

திரையில் கார் இன்னும் மோதவில்லை.
நேற்று மாலை ஆறரைக்குக் கிளம்பியது,
மணிக்கு எண்பது கிலோமீட்டர்.
விநாடியில் ஐந்தில் ஒரு பங்கைக் கடக்க அதற்குத்
திருப்பரங்குன்றத்தில் ஒரு ராத்திரி முழுக்க வேண்டும்.
நடுவில் கரண்ட் போனது. யுபிஎஸ் கீச்சிட்டது.
கார் அந்தரத்தில் காத்திருந்தது.

விடியும்போது முதல் தூண் சாய்கிறது.
தகரம்
(தகரம் என்று சொல்லக் கூடாது என்பார் சம்சுகனி சார்,
உருக்கு, மூன்று மில்லிமீட்டர்)
ரிப்பனாகச் சுருண்டு சுருண்டு
காரின் மூர்க்கத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிக்கொள்கிறது.
சீட்டிலிருக்கும் பொம்மைக்கு ஒன்றும் ஆகவில்லை.
பச்சை எழுத்தில்: தேர்ச்சி.

கப்பலூர் தாண்டி
அதே தடுப்பை நேரில் பார்க்கப் போனோம்.
கரிசல். முந்தாநாள் மழை.
கையால் அசைத்தாலே ஆடியது தூண்,
விழப்போகிற பல் மாதிரி.
என் கணக்கில் மண் எப்போதும் காய்ந்திருந்தது.
என் கணக்கில் எட்டு போல்ட்.
இங்கே மூன்று.
அந்த மூன்றிலும் ஒன்று கட்டுக்கம்பி.

ஸ்பேனரால் தோளைச் சொறிந்தபடி
பராமரிப்பு மொக்கச்சாமி சொன்னார்:
"பழைய இரும்புக்குப் போயிருதும்மா.
போன மாசம்தான் மாட்டுனேன்.
வர்ற மாசமும் மாட்டுவேன்."

பாண்டி கோயிலுக்குப் போகும் சின்ன யானை ஒன்று
எங்களை உரசாத குறையாகக் கடந்தது.
பின்னால் பதினாறு பேர் நின்றபடி.
நடுவில் மாலை போட்ட கிடா.
அந்த வண்டி என் பட்டியலில் இல்லை.
இருப்பவை வெளிநாட்டுக் கார்கள் நான்கு,
ஒவ்வொன்றிலும் பெல்ட் போட்ட ஒரே ஆள்.

திரும்பி வந்து
போல்ட்களை ஒவ்வொன்றாக அழித்தேன்.
மண்ணை நனைத்தேன், எண்களால்தான்.
ஓடவிட்டேன்.

இந்த முறை தடுப்பு சுருளவில்லை.
இன்ஜின் வழியாக, டேஷ்போர்டு வழியாக
நேரே வந்து
டிரைவரின் இடத்தில் நின்றது.
சத்தமில்லை. சிமுலேஷனில் சத்தம் வராது.
சம்சுகனி சார் டீயைக் கீழே வைத்துவிட்டுப்
பின்னுக்கு ஓட்டச் சொன்னார்.
மறுபடி.
மறுபடி.

கேள்வியை மாற்றிக்கொண்டோம்.
எட்டும் இருந்தால் என்ன என்பதை விட்டோம்.
திருடு போனது போக, துருவேறியது போக,
மொக்கச்சாமி வர இருபது நாள் பாக்கி இருக்கையில்
எந்த மூன்று மிஞ்சினாலும் தாங்குகிற தடுப்பு எது?
எட்டில் மூன்று: ஐம்பத்தாறு வழி.
ஐம்பத்தாறு ராத்திரி.

இன்றைக்கு நாற்பத்தொன்று.
பக்கத்துத் திரையில் சின்ன யானையை வரைகிறேன்.
பதினாறு பேரையும் ஏற்றியாகிவிட்டது.
கிடாவுக்கு எத்தனை கிலோ போடுவது, தெரியவில்லை.
மொக்கச்சாமிக்கு போன் அடித்தேன்.

"உசுரோடவா, உரிச்சதாம்மா?" என்றார்.

உசுரோட, என்றேன்.